ஆண்டு விழாவில் எங்கள் ஆட்டம்

திருநின்றவூரில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆண்டு விழாவுக்குப் பழங்குடி அறுவடை நடனம் ஒன்று வேண்டும் என்று பள்ளியில் முடிவு செய்தார்கள். வகுப்பில் இருளர் பிள்ளை நான் ஒருத்திதான். "எங்க அம்மா ஆடும் டீச்சர்" என்று எழுந்து சொல்லிவிட்டேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்த அம்மா, மூன்று நாள் லீவு போட்டு வந்து எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அறுப்பு முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டினால் நெல் கிடைக்கும். சொந்த நிலம் இல்லாத எங்கள் சனத்துக்கு அதுதான் அறுவடை. முதல் பிடியை எங்கள் தெய்வம் கன்னியம்மாவுக்கு வைத்துவிட்டு, பெண்கள் வட்டமாகக் குனிந்து, மண்ணைத் தொட்டுத் தொட்டு ஆடுவார்கள்.

"எலிக்கும் கொஞ்சம் வுட்டுட்டுத்தான் எடுப்போம் டீச்சர்" என்றாள் அம்மா. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள், அம்மாவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மெதுவாக இருக்கிறதாம். செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து, ஈட்டியோடு குதிக்கிற ஆட்டமாக மாற்றினார்கள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு ஈட்டி பிடித்திருந்தது.

விழாவன்று மேடைக்குப் பின்னால் எல்லோருக்கும் முகம், கை, காலெல்லாம் கறுப்பு மை பூசினார்கள். என் முறை வந்தபோது டீச்சர் என் தாடையைத் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு எதுக்குடி மை? நீ அப்படியே போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இடுப்பில் மாவிலையைக் கட்டிக்கொண்டு "ஹூ ஹா" என்று கத்திக் குதித்தோம். கைதட்டல் ஓய நேரமாயிற்று. கல்யாணச் சேலையில் வந்திருந்த அம்மா, கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள்.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டாள்: "இது இன்னா ஆட்டம் டீச்சர்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதாம்மா. கொஞ்சம் மாத்தினோம். ஜனங்களுக்குப் பிடிக்கணுமில்ல?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாருக்கும் மை பூசனாங்கம்மா. எனக்கு மட்டும் தேவையில்லன்னுட்டாங்க. நான் அப்படியே கரெக்டா கீறேனாம்!"

அம்மா ஏரிக்கரை ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னை முன்னால் நிறுத்தி, இடுப்பிலிருந்த மாவிலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள்.

நான் ஓவென்று அழுதேன். அத்தனை பேர் எனக்குக் கைதட்டியது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.