சஜிதா நடந்த எல்லை

எங்கள் ரப்பர் விவசாயிகள் சங்கத்தில் எனக்கு எதிர் மேசை சஜிதாவுடையது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், நெய்யூரில் இறங்க வேண்டியவள் அதைத் தாண்டிக் கருங்கலில்தான் இறங்குவாள். தூக்கமெல்லாம் கிடையாது. விழித்த கண்ணோடு எங்கேயோ போய்விடுவாள். கணிதத்தில் பட்டம் வாங்கிய பெண்ணா இது என்று நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

அவளுக்கு வாய்த்ததோ நடக்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் இப்போது ரப்பர் வாங்கும்போது எந்தத் தோட்டத்துப் பால் என்று கேட்கிறான். காட்டை அழித்து நட்ட மரமா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்காக எங்கள் சங்கம், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடம், லாரிக் கம்பெனி, ஏற்றுமதிக்காரர் என்று நாலு தரப்பும் சேர்ந்து பிளாக்செயின் என்றொரு பதிவேடு தொடங்கின. நாலு பேரும் சம்மதித்தால்தான் அதில் எதுவும் ஏறும். ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. தப்பென்றால் திருத்தத்தைக் கீழே புதிதாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான். முதல் பதிவு தோட்டத்தின் எல்லை. சஜிதா போனைப் பிடித்துக்கொண்டு எல்லையோரமாக ஒரு சுற்று நடந்தால் திரையில் நீலக்கோடு விழும்.

அது தை மாதம், ரப்பர் இலை உதிர்கிற காலம். அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் வெயிலும் இலையும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கும். தான் இழுக்கிற கோடு லாரி ஏறி, கப்பல் ஏறி, பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் டயராக உருண்டு போவதாக அவளுக்குத் தோன்றுமாம்.

"நான் நடக்கேனா, கடல்ல மிதக்கேனான்னே தெரியாது அண்ணே" என்பாள்.

எங்கள் சங்கத்து உறுப்பினர் சத்தியபாயின் ஐம்பது சென்ட் தோட்டத்திலும் அப்படித்தான் நடந்தாள். கிழக்கு எல்லைக் கல்லை ஒட்டி, சத்தியபாயின் கணவர் ஞானசிங்கின் கல்லறை. எங்கள் பக்கம் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்கிற குடும்பங்கள் உண்டு. கல்லறையை மிதிக்கக் கூடாதென்று அவள் கால் தானாக உட்பக்கம் ஒதுங்கி வளைந்து போனது. மனசு கப்பலில் இருந்தது. கோடும் வளைந்தது. நாலு தரப்பும் சம்மதித்து, பதிவும் ஏறிவிட்டது.

மறு வாரம் பதிவின் நகல் வாங்க வந்த சத்தியபாய் திரையில் கிழக்கு எல்லையைத் தேடிப் பார்த்தாள்.

"எனக்க மாப்பிள்ளைய வெளிய ஆக்கிப்போட்டியே மக்கா."

ஞானசிங் பதினேழு வருஷம் மஸ்கட்டில் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்கி வாங்கிய மண் அது. ஊருக்குத் திரும்பி ஒரே ஒரு வருஷம்தான் அதில் பால் வெட்டினார். அன்று முழுக்க சஜிதாவின் மனசு எங்கேயும் போகவில்லை, எங்களோடுதான் இருந்தது.

நாலு தரப்பும் கூடிய கூட்டத்தில் சஜிதா திருத்தம் கேட்டாள்.

"அந்த எடத்துல ஒரு மரங்கூட இல்லியே. ஒரு கல்லறைக்காக இது என்னத்துக்கு?" என்றார் லாரிக் கம்பெனி கோலப்பன்.

விட்டுவிடு என்று நானும் கண்ணைக் காட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தில் வாயே திறக்காத பெண் எழுந்து நின்றாள்.

"அது அவருக்க நெலம் சார். நடந்தது நான். தப்பு எனக்க பேருலயே கெடக்கட்டும்."

கோலப்பன் தன் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"செரி, போய் ஒழுங்கா நடந்துட்டு வா."

மறுநாள் காலையில் நடந்தாள். எல்லைக் கல்லுக்கும் கல்லறைக்கும் நடுவே ஒரு பாதம் வைக்க இடம் இருந்தது. சத்தியபாய் அங்கே புல்லைச் செதுக்கி வைத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் நாலு சம்மதமும் வந்தன.

திரையில் இப்போது இரண்டு கோடுகள். மேலே வளைந்தது, கீழே நேரானது.

"பழையது அழியாதுக்கா" என்றாள் சஜிதா. கண் நிறைந்திருந்தது. "அவர வெளிய விட்டது அதுல எப்பவும் கெடக்கும்."

சத்தியபாய் இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கெடக்கட்டும் மக்கா. அவரு வெளிய போனாரு. பொறவு வீட்டுக்கு வந்தாரு. ரெண்டும் நடந்ததுதானே."