ஏற வேண்டாம் என்றவர்

திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய அந்தக் கருவியைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். சிறுவாச்சூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருந்த எங்கள் தொலைபேசித் துறையின் மைக்ரோவேவ் நிலையத்தில் அதை முறையாகக் கையாளத் தெரிந்தவர் உதவிப் பொறியாளர் ஒருவர்தான். செந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எண்பதுகளின் தொடக்கத்தில், அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரை மேடம் என்றே அழைத்தோம். டெக்னீஷியனாக இருந்த எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது. அவரைப் பிடித்தது.

அந்தக் கருவியின் வேலை எளிமையானது. சோதிக்கிற பெட்டிக்குப் பல வாய்கள் உண்டு. கருவி ஒரு வாயில் அலையை அனுப்பி, உள்ளே போவதையும் முட்டித் திரும்புவதையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். பிறகு சுவிட்ச் மாறி, அடுத்த வாயில் அனுப்பும். அந்த நேரத்தில் அளக்காத வாய்களை, அலையை விழுங்கிவிடும் மூடிகளால் அடைத்திருக்க வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் அங்கே முட்டிய அலையும் திரும்பி வந்து, வேறெங்கோ கோளாறு என்று நம்மை ஏமாற்றிவிடும்.

ஓர் ஐப்பசியில் அரியலூர் லைன் படுத்துவிட்டது. ஆன்டெனா கேபிள் வந்து சேரும் பெட்டியில் கருவியை மாட்டினால் அனுப்பிய அலையில் பெரும்பகுதி திரும்பி வந்தது. டவர் உச்சியில் ஆன்டெனாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று கோட்ட அதிகாரி அடித்துச் சொன்னார். வெளியே காற்று ஆளைத் தள்ளியது, மழை வேறு. டவர் ஏறுகிறவர் வேப்பந்தட்டைக்காரர், சின்னச் சின்னப் பெண் பிள்ளைகளின் தகப்பன்.

“ஏறிட்டு வந்துடுறேன் மேடம். ஆத்தா பாத்துக்குவா” என்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டவுனே பேச முடியாமக் கெடக்கு. ஏறச் சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

மேடம் நிமிரவே இல்லை. ஆன்டெனா கேபிளைக் கீழேயே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நல்ல மூடியை மாட்டினார். திரும்பும் அலை கொஞ்சமும் குறையவில்லை.

“பாருங்க சார், ஆன்டெனாவே இப்ப இல்ல. அப்பவும் அதே அளவுதான் திரும்புது. கோளாறு இந்தப் பெட்டியிலதான். ஆள ஏத்த மாட்டேன்.”

எனக்கு உள்ளுக்குள் விசில் அடிக்கலாம் போலிருந்தது.

மற்ற மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். ஒன்றின் உள்விளிம்பில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைத்து, கழற்றிய மூடிகளுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தோம். வெளிப்பக்கம் வைத்தால் போதாதா? பக்தி உள்ளே வரை போயிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து இறுக்கியதும் அளவு சரியாகிவிட்டது. சற்று நேரத்தில் அரியலூரிலிருந்து தெளிவாக ஒரு ஹலோ வந்தது.

இன்று அந்தக் கருவி கையடக்கமாக வருகிறதாம், வாய் மாற்றுவதையெல்லாம் தானே செய்கிறதாம். செய்யட்டும். ஏற்ற மாட்டேன் என்று சொல்ல இன்றும் ஓர் ஆள் வேண்டும்.

அதிகாரியின் ஜீப் போன பிறகும் வேப்பந்தட்டைக்காரரால் பெல்ட்டின் கொக்கியை விடுவிக்க முடியவில்லை. மேடம்தான் கழற்றிவிட்டார்.

“இன்னிக்கு ரொம்பப் பயந்துட்டேன் மேடம்” என்றார்.

“நானுந்தாண்ணே” என்றார் மேடம்.