ஆயா வேலை கேட்டுப் போன சரசு

ஜீவனஹள்ளி சரசு தன் கணவனை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறாள் என்ற செய்தியைத் தெருவுக்குச் சொன்னது வேறு யாரும் இல்லை, சரசுவேதான். 2002-ஆம் வருடம் ஜூன் மாதம், குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்களிடம் அவளே சொன்னாள். மறைத்துச் செய்தால் தப்பு செய்கிற மாதிரி ஆகிவிடும், நான் தப்பு செய்யவில்லை என்றாள். அவள் ஒற்றைக் கையால் இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு நாலடி நடந்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. அதுவும் அவள் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், இருபத்து நாலு வருடமாக ஆயா. எழ முடியாதவர்களைப் புரட்டிப் போடுவது, துடைத்துவிடுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது என்று அவள் கைபடாத வேலை அந்த வார்டில் இல்லை. கணவன் அசோகன் தபால் வேன் ஓட்டுநர். சிட்டி ஸ்டேஷனிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க இருக்கிற தபால் ஆபீசுகளுக்குப் போவான். முப்பது வருடத்தில் யாரிடமும் வழி கேட்டதில்லை. 1999-இல் ஒரு நாள் காலை, அல்சூர் ஏரிக்கரையில் வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் இருந்த, தபால் பிரிக்கிற சார்ட்டர் இறங்கி வந்து என்ன என்று கேட்டதற்கு, ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும் என்று கேட்டான்.

இது வயசு மறதி இல்லை, டிமென்ஷியா என்கிற நோய், மாத்திரைக்குக் குணமாகாது, வளர்ந்துகொண்டே போகும் என்று சரசு வேலை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னார். அசோகன் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டான். பென்ஷன் வந்தது. முதல் ஒரு வருடம் அவனுக்குத் தனக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துதான் இருந்தது. அப்போதே உட்கார வைத்து, பின்னால் உன்னை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று பிற்பாடு சரசு சொல்வாள்.

பிறகு அவன் நடக்க ஆரம்பித்தான். பிறந்து வளர்ந்த ஒக்கலிபுரம் வீட்டுக்கு, ரயில் பாதையை ஒட்டியே நடந்து போய்விடுவான். அந்த வீட்டில் இப்போது அவன் தங்கை வள்ளியம்மா குடியிருந்தாள். இரண்டு முறை அவள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாள். மூன்றாவது முறை அவன் ஒக்கலிபுரம் போய்ச் சேரவில்லை. மறுநாள் யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில், செருப்பில்லாமல், பாதம் கிழிந்து உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும்போது சரசு வீட்டை வெளியே பூட்டினாள். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து திறந்தால், கதவைத் தட்டித் தட்டி அவன் விரல்கள் வீங்கியிருந்தன. வேட்டியெல்லாம் மலம். அவளைப் பார்த்ததும் யாரோ அடிக்க வருவதுபோல் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தான். கழுவி, துணி மாற்றி, சோறு ஊட்டிய பிறகு அவள் யோசித்தாள். என் வார்டில் ஒரு ஆயா நோயாளியை இப்படிப் பூட்டி வைத்தால் நான் சும்மா விடுவேனா?

இரண்டு மாதம் லீவு போட்டுப் பார்த்தாள். அவன் ஆறடி ஆள். குளிப்பாட்டப் போனபோது பயந்து தள்ளியதில் அவள் மணிக்கட்டு ஒடிந்தது. கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் இல்லம் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

விஷயம் தெரிந்து வள்ளியம்மா வந்தாள். கூடவே அவள் பக்கத்து உறவுக்காரர்கள் நாலு பேர்.

"எங்க அண்ணன் என்ன அனாதையா, அண்ணி? பொண்டாட்டி இருக்கறப்பவே கொண்டுபோய் விடுவீங்களா?"

சரசு கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒரு வாரம் நீ வெச்சுப் பாரு வள்ளி. முடிஞ்சா சொல்லு, நான் எங்கயும் சேர்க்கலை."

வள்ளியம்மா ரோஷத்தோடு அழைத்துப் போனாள். நாலாம் நாள் கொண்டுவந்து விட்டாள். மருமகள் மாசமாக இருக்கிறாள், வீடு சின்னது என்றாள். ஆனாலும் இல்லத்துக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மகள் சங்கமித்ரா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணமாகிச் சந்தாபுராவில் இருந்தாள். டெலிபோன் பூத்தில் உட்கார்ந்து விசாரித்து மூன்று இடங்களை எழுதி வந்தாள். முதல் இடம் ஊருக்கு வடக்கே ஒரு புது லேஅவுட்டில், மூன்று மாடிக் கட்டடம். தாயும் மகளும் போனார்கள். ஹாலில் சோபா, மீன் தொட்டி, ஊதுபத்தி வாசனை. மேனேஜர் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்து, அதில் இருந்த படங்களை விளக்கினார். மாடிக்குப் போகலாமா என்றதற்கு, எல்லோரும் தூங்குகிறார்கள் என்றார். மகளுக்குப் பிடித்துப்போயிற்று. சரசுவுக்கு ஒன்று உறுத்தியது. இருபது நோயாளிகள் இருக்கிற வீட்டில், சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் மட்டும் போனாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டும் நீலச் சேலை, கையில் டிபன் பை. முன்வாசலுக்குப் போகாமல் பின்கேட்டைத் தட்டி, ஆயா வேலை இருக்கிறதா என்று கேட்டாள். வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவன் வந்தான். இருபத்து நாலு வருட அனுபவம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. "வா வா, மேல வா, காட்டறேன்" என்று அழைத்துப் போனான்.

மாடியில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் பழைய துப்பட்டா சுற்றி, நாற்காலி முதுகோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு பெரியவருடைய மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவன் வேலையை விளக்கினான். மத்தியானம் மூணு மணிக்கு மேல் யாருக்கும் தண்ணி கொடுக்காதே, படுக்கை நனையும். சாப்பிட அடம் பிடித்தால் விட்டுவிடு, பசித்தால் தானாகத் தின்பார்கள். கத்துகிறவர்களுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, நான் தருவேன். ஃபேமிலிக்காரர்கள் வருகிற நேரத்தில் மட்டும் முடிச்சை அவிழ்த்துவிடு.

சரசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, அந்தப் பெரியவரின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒடிந்து கூடிய கை சரியாக மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஏய், என்ன பண்றே நீ?" என்றான் அவன். சத்தம் கேட்டு மேனேஜர் மேலே வந்தார். சரசுவை அடையாளம் தெரிந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "மேடம், நீங்க... நீங்க கீழ வாங்க, உக்காந்து பேசலாம்."

"கீழ பேச ஒண்ணும் இல்லை" என்றாள் சரசு. "என்னை வேலைக்காரின்னு நினைச்சு உங்க ஆளு உண்மையைச் சொன்னாரு. பார்ட்டின்னு நினைச்சு நீங்க மீன் தொட்டியைக் காட்டினீங்க. இவருக்கு முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க. அவர் குடிச்சு முடிச்சாதான் நான் போவேன்."

தண்ணீர் வந்தது. பெரியவர் இரண்டு டம்ளர் குடித்தார். மற்றவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள். மகளை எழுதச் சொல்லி ஒரு புகார் அனுப்பினாள். மூன்று மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஹாலைப் பார்த்துப் போனதாகக் கேள்விப்பட்டாள். மறுபடியும் எழுதினாள். அதற்குப் பதிலே வரவில்லை.

இரண்டாவது இடம் சுத்தமாக இருந்தது, யாரையும் கட்டவில்லை. ஆனால் நடக்கிறவர்களை எடுத்துக்கொள்ள மாட்டோம், படுத்த படுக்கையாக ஆன பிறகு கொண்டுவாருங்கள் என்றார்கள். என் புருஷன் பண்ணுகிற குற்றமே கால் நன்றாக இருப்பதுதான் போலிருக்கிறது என்று சரசு மகளிடம் சொன்னாள்.

மூன்றாவது, சந்தாபுராவைத் தாண்டி ஒரு பழைய வீடு. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு நீட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்ற நர்ஸ் சந்திரம்மா நடத்தினார். அங்கேயும் சரசு நீலச் சேலையோடுதான் போனாள். சந்திரம்மா வேலை காட்டவில்லை. முதலில் கேள்வி கேட்டார். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவரை எப்படிக் குளிப்பாட்டுவாய்? முழுங்க மறந்துபோகிறவருக்கு எப்படி ஊட்டுவாய்? ஒருத்தர் கையை ஓங்கினால் என்ன செய்வாய்? சரசு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு, "தள்ளி நிப்பேன். அவசரப்பட்டு ஒரு தடவை கைய ஒடிச்சுக்கிட்டேன்" என்று மணிக்கட்டைக் காட்டினாள்.

அதற்கு மேல் அவளால் நடிக்க முடியவில்லை. வேலைக்கு வரவில்லை, கணவனுக்காக இடம் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டாள். சந்திரம்மாவுக்குக் கோபம் வந்தது. இங்கே பதினோரு பேர் காத்திருக்கும்போது என் அரைமணி நேரத்தை எடுத்துக்கொண்டாயே என்றார். பிறகு, "ஆயித்து, போகட்டும். இப்ப நேராவே கேளுங்க" என்றார்.

சரசு கேட்டாள். ராத்திரி எத்தனை ஆள்? இரண்டு பேர். போன மாதம் யாராவது விழுந்தார்களா? இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவருக்கு நெற்றியில் தையல். கட்டிப் போடுவீர்களா?

"கட்டினதே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் சந்திரம்மா. "ஒருத்தர் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிட்டே இருந்தார். அரைமணி கையைக் கட்டினேன். அந்த அரைமணியும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

வீட்டுக்குள் மூத்திர வாடை லேசாக இருந்தது. ஆனால் கொடியில் அப்போதுதான் துவைத்த படுக்கை விரிப்புகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. பின்கட்டில் சுவரோரமாக வட்டமாய் ஒரு சிமென்ட் பாதை. இரண்டு பேர் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. சரசு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரமும் வருவேன். வாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் வந்தால் சும்மா நிற்காமல் யாருக்காவது ஊட்டிவிடுங்கள் என்றார் சந்திரம்மா.

ஆகஸ்டில் அசோகனைச் சேர்த்தாள். அவன் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பாதையைப் பார்த்ததும் நடக்கத் தொடங்கினான். சரசு வீடு திரும்பி, பதினாலு மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும், எல்லோரும் சொன்ன குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. வள்ளியம்மாவின் அந்த நாலு நாளைத் தவிர, மூன்று வருடமாக ஒருவரும் ஒரு வேளைகூட வந்து தன்னை மாற்றிவிடவில்லையே என்ற கோபம்தான் வந்தது.

அந்தத் தை மாதம் வள்ளியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். சரசுவுக்குப் பத்திரிகை வரவில்லை. இருந்தாலும் போனாள். பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டோடு போய், மணமக்களை வாழ்த்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெரியம்மா, வேண்டுமென்றே, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டாள்.

"அவர் சந்தாபுராவில ஒரு ஹோம்ல இருக்கார்" என்றாள் சரசு, பின்வரிசைக்கும் கேட்கும்படி. "மார்க்கெட்லேர்ந்து நேர் பஸ் இருக்கு. எப்ப வேணா போய்ப் பாக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. நான் வாரம் ரெண்டு தடவை போறேன். அஞ்சு மாசமாச்சு, இங்க இருக்கற ஒருத்தரையும் அங்க பாக்கலை."

அவள் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்திரம்மாவின் பின்கட்டில் வள்ளியம்மா நின்றுகொண்டிருந்தாள். அசோகன் அவளை யார் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். ஒன்பது சுற்று நடந்தார்கள். வெளியே வந்து அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அண்ணனுக்கு இப்ப என்ன பிடிக்குது, அண்ணி? அடுத்த தடவை செஞ்சு எடுத்தாரேன்" என்றாள். வாழைப்பழம் மட்டும்தான் சுலபமாக முழுங்குகிறார் என்றாள் சரசு. அதன் பிறகு மாதம் ஒரு முறை வள்ளியம்மா வந்தாள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. கடைசி வருட மழைக்காலத்தில், படுக்கையோடு ஆகிவிட்ட அசோகனின் குதிகாலில் புண் வந்தது. சரசு அதைப் பார்த்துவிட்டுச் சந்திரம்மாவோடு போட்ட சண்டை தெருவரைக்கும் கேட்டது. சந்திரம்மா தப்பை ஒப்புக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட இன்னொரு ஆளை வைத்தார். புண் ஆறியது. கடைசி ஐந்து மாதம் அவன் எழவே இல்லை. 2005 ஜனவரியில் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி இறந்தான். சரசு பக்கத்தில் இருந்தாள். ஜீவனஹள்ளிக்குக் கொண்டுவந்து, புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பஞ்சசீலம் சொல்லி எடுத்தார்கள். குழாயடிப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

அதில் ஒருத்திதான் பக்கத்துத் தெரு ஃபாத்திமா. அடுத்த வருடம் அவளுடைய மாமியாருக்கும் அதே நோய் முற்றியது. எங்கே போவது, என்ன கேட்பது என்று தெரியவில்லை, கூட வர முடியுமா என்று கேட்டாள். சரசு அன்றைக்கே லீவு சொன்னாள். அவர்கள் போன இடத்தில், உறவுக்காரர் மட்டும்தான் உள்ளே பார்க்கலாம், நீங்கள் அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"அவங்களுக்கு நான் உறவு ஒண்ணும் இல்லை" என்றாள் சரசு. "எனக்குப் பாக்கத் தெரியும், அதான் வந்திருக்கேன்."

நாளைக்கு வாருங்கள் என்றார். இன்றைக்கே பார்த்துவிட்டுப் போகிறோம் என்று அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபாத்திமாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். சரசு மூன்று அறைகளையும் சமையலறையையும் பார்த்தாள். படுத்திருந்த இரண்டு பேரைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். இரண்டு முதுகிலும் புண் இருந்தது. வெளியே வந்து, இது வேண்டாம், அடுத்ததைப் பார்க்கலாம் என்றாள். இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.