வீடு என்று ஒரு நிறுத்தம்

வேன்காரர் வாயில் பிள்ளைகளின் பெயர் நிற்காது. பள்ளி விட்டதும் பதினோரு பிள்ளைகளை ஏற்றி, அவரவர் வகுப்பில் இறக்கி, முடிந்ததும் மறுபடி ஏற்றி வீடு சேர்ப்பது அவர் பிழைப்பு. அதனால் வகுப்பே பெயராகிவிட்டது.

"வயலின், பையை விட்டுட்டுப் போகாத! கராத்தே, யாரை உதைக்கிற? இது வேன்டா!"

அந்தப் பதினோரு பேரில் அவருடைய மகளும் ஒருத்தி. பத்து வயது. திங்கள், புதன் கணக்கு. செவ்வாய், வியாழன் நீச்சல். வெள்ளி ஓவியம். "அடுத்தவங்க பிள்ளைகளையெல்லாம் கொண்டுபோய் விடறேன், என் பொண்ணு மட்டும் சும்மா உக்காரணுமா?" என்பார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை. ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். விடிந்து அவள் வருவதற்குள் மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். பள்ளி இல்லாத நாளில் அம்மாவுக்குப் பகலெல்லாம் தூக்கம். தாயும் மகளும் பார்த்துக்கொள்வது மாடிப்படியில்தான், ஒருத்தி ஏற, ஒருத்தி இறங்க. "சாப்பாடு மூடி வச்சிருக்கேன், தலையை நல்லாத் துவட்டு." அவ்வளவுதான்.

"படிக்கட்டுல வச்சே பிள்ளைய வளர்க்கறோங்க" என்று ஒருநாள் அவள் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு வண்டிச்சாவியைத் தேடினார்.

ஒரு வியாழக்கிழமை, ஐந்து மணி. குளத்து வாசலில் வேன் நின்றது. "நீச்சல், இறங்கு!" மகள் இறங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். வேன்காரர் நகர்ந்துவிட்டார். மற்றவர்களையும் இறக்கிவிட்டு, வழக்கம்போல் குழாயடியில் ஒரு மணி நேரம் வேனைக் கழுவிக் கண்ணாடி துடைத்தார்.

வயலினையும் கராத்தேயையும் ஏற்றிக்கொண்டு ஆறரைக்குக் குளத்துக்கு வந்தால் கதவில் பூட்டு. 'தண்ணீர் மாற்றுவதால் விடுமுறை' என்று அட்டை. அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"கடவுளே, என் பொண்ணு எங்க?"

"லீவுன்னு அவ செவ்வாய்க்கிழமையே சொன்னாளே அங்கிள்" என்றாள் வயலின்.

"எங்கிட்ட சொல்லலையே!"

"உங்ககிட்டதான் சொன்னா. நீங்க ரிவர்ஸ் எடுத்துட்டிருந்தீங்க."

வீடு இரண்டு தெரு தள்ளி. வேனை வாசலில் நிறுத்தி, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். கதவு திறந்திருந்தது. மகள் தரையில் அம்மாவின் முழங்காலில் சாய்ந்திருந்தாள். அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எதற்கோ இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பக்கத்துக் கடையில கேட்டு எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டா வந்து வேற கிளாஸ்ல விட்டுருவீங்கப்பா."

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்றரை மணி நேரங்க" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. "இவளுக்குக் கடைவாய்ப் பல் விழுந்து முளைச்சே போச்சு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

கீழே வேனில் ஹாரன் அலறியது. கராத்தேயின் வேலை.

"கணக்கை விட்டுடறியா?" என்று மெல்லக் கேட்டார்.

"நீச்சல் வேணும், ஓவியமும் வேணும். கணக்கு அம்மாகிட்ட கேட்டுக்கறேன்."

"எனக்கென்னடி தெரியும்?" என்றாள் அம்மா.

"தெரிஞ்ச வரைக்கும் போதும்."

திங்கட்கிழமை எல்லாரையும் அவரவர் வகுப்பில் இறக்கிவிட்டுக் கடைசியாகத் தன் வாசலில் நிறுத்தினார். "வீடு, இறங்கு!" மகள் குதித்து இறங்கினாள். அவர் கை பழக்கத்தில் கியருக்குப் போனது, குழாயடிக்குத் திரும்ப. மகள் கண்ணாடியைத் தட்டினாள்.

"அப்பா, நீங்களும் வீடுதான். இறங்குங்க."

அன்று வகுப்பு முடிந்து வேனில் ஏறிய வயலின், ஜன்னல் தூசியில் விரலால் ஒரு பூ வரைந்தாள்.

"இன்னைக்கு வண்டி கழுவலையா அங்கிள்?"

"இனிமே திங்களும் புதனும் கழுவ மாட்டேன்" என்றார் வேன்காரர்.