சொம்பில் வெட்டிய பெயர்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பாதி அடுத்தவர் பெயரில்தான் இருக்கும். திருடியவை என்று நினைத்துவிடாதீர்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் பரிசாகத் தர வேண்டும்; கொடுப்பவர் பெயர் அதில் வெட்டியிருக்க வேண்டும்; ஜெயித்தவர் கையில் அவரே கொடுக்க வேண்டும். இது எங்கள் பில்டிங் சட்டம். எந்தப் பாத்திரம் எந்தப் போட்டிக்கு என்று பிரிக்கும்போது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை எப்படியாவது எதிரெதிரே நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவுக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் அடிபம்பில் தொடங்கிய சண்டையில் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மாவின் சொம்பை லெமன் ஸ்பூன் ஓட்டத்துக்கு ஒதுக்கினார்கள். அதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. "எனக்கு இன்னாத்துக்கு அவ சொம்பு?" என்று சொல்லிவிட்டு, வாயில் கரண்டியோடு தினமும் வராந்தாவில் நடந்து பழகினாள். பேச ஒரு சாக்கு கிடைக்காமல் அவள் தவித்தது அப்போது எனக்குப் புரியவில்லை.

தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வந்திருந்த சமயம் அது. நான் பில்டிங் சங்கச் செயலாளர். தபாலில் பொருளாதாரம் படிக்கிற மண்டைக்கனம் வேறு. வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் வந்து, மேடை, மைக்செட், பரிசு எல்லாம் இலவசம் என்றார். கூட்டம் போடாமலே தலையாட்டிவிட்டேன்.

"உலகமே நம்ம வாசலுக்கு வருதும்மா."

"வரட்டும். செருப்ப வெளிய வுட்டுட்டு வரட்டும்."

போட்டியன்று லெமன் ஸ்பூனில் அம்மாதான் முதலில் வந்தாள். டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவர், இதுதான் பரிசு என்று அவளுக்கு மஞ்சள் தொப்பி மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்; வீட்டுப் பாத்திரங்களை யாரும் கேட்கவில்லை. பெரியம்மா முந்தானைக்குள் சொம்பை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதைப் பார்த்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஒருவராகப் படிக்கட்டில் கூடிவிட்டார்கள்.

"யாரைக் கேட்டு ரைட்டு சொன்ன நைனா?" என்றார் மூன்றாம் மாடித் துறைமுகத் தொழிலாளி. "இந்தப் படிக்கட்டுல பேசாம நம்ம பில்டிங்ல இன்னா நடந்துகீது?"

சுயாட்சி என்று ஒரு பாடத்தைத் தேர்வுக்காக உருப்போட்டிருந்தேன். அன்று அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் நான் படிக்கட்டு கழுவ வேண்டும் என்று தீர்ப்பு. சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்தது அம்மாவின் கை. பெரியம்மா மட்டும் தூக்கவில்லை.

"சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்சி. உட்ருங்க."

"யக்கா, நீ கம்முனு இரு!" என்று சீறினாள் அம்மா. "கேட்டப்பல்லாம் முறுக்கு குடுத்து அவனைக் கெடுத்ததே நீதான்!"

படிக்கட்டே அம்மா பக்கம் திரும்பியது. ஒரு வருஷத்தில் அம்மா அவரிடம் பேசிய முதல் வார்த்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பெரியம்மா உள்ளே போய்ச் சொம்போடு திரும்பி வந்தார்.

"ஜெயிச்சல்ல, புடி."

இரண்டு பேரும் அழுதார்கள். நானும்தான்.

தண்டனை மட்டும் குறையவில்லை. மறுநாள் காலை வாளியும் துடைப்பமுமாக இறங்கினேன். மேல்படியில் இருவரும் உட்கார்ந்து, அந்தச் சொம்பிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி, நான் எந்தப் படியைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.