போன வாரம் செத்தவன்

எங்கள் வம்சத்தில் மூத்த ஆண்பிள்ளை முப்பது வயதைத் தாண்டமாட்டான். "மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவெச்சியா?" என்று கேட்கிற அதே குரலில்தான் அம்மா இதையும் சொல்வாள். அழுகை கிடையாது, பெருமூச்சு கிடையாது. அவளுக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

கதை இதுதான். மலாயாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், ஊரில் எங்கள் முன்னோர் ஒருவர் கைம்பெண் ஒருத்தியின் நிலத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டாராம். அவள் கோயில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றி, "உன் வம்சத்துல மூத்தது தழைக்காது, போ!" என்றாளாம். அவருடைய மூத்த மகன் முப்பதுக்குள்ளேயே ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்துச் செத்தார். அந்த மகனுக்கு மூத்த பிள்ளை என் தாத்தா. அவரும் முப்பதைப் பார்க்காமல் மலேரியாவில் போனார். தாத்தாவுக்கு மூத்த பிள்ளை என் அப்பா. சப்பான்காரன் காலத்தில், நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அம்மா விசாரித்திருக்கிறாள். பார்த்தேன் என்றவரும் இல்லை, செத்தார் என்றவரும் இல்லை. அப்பாவுக்கு முப்பது முடிகிற நாள் வரைக்கும் காத்திருந்தாள். அது முடிந்தது. யாரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போய் வளையலை உடைத்து, பொட்டை அழித்துவிட்டு வந்தாளாம். சாபம் சொல்லிவிட்டது, இனி யார் சொல்லவேண்டும்?

எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் கான்வென்டில் படித்தவள், பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேறு. வாய்க்குக் கேட்க வேண்டுமா? "பாம்பும் கொசுவும் சப்பான்காரனும் அந்தப் பொம்பளைகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டா வந்தாங்க? சயாமுக்குப் போனவங்க அத்தனை பேரும் மூத்த பிள்ளையா?" என்று எகிறுவேன். அம்மா அசையமாட்டாள். "நீ ரெண்டாவது பிறந்தவ. உனக்கென்ன, பேசுவ" என்று முடித்துவிடுவாள்.

அண்ணன் மூத்தவன். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். மலாக்கா டவுனுக்கும் கிளேபாங்குக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் டிரைவர். அவனுக்குக் கல்யாணமே கூடாது என்பது அம்மாவின் தீர்மானம். "எவ பெத்த பொண்ணையோ கூட்டியாந்து என்னைப் போல உக்கார வெக்க எனக்கு மனசு வராது" என்பாள். அதில் கல்நெஞ்சம் ஏதும் இல்லை. அதனால்தான் அவளோடு சண்டை போடுவதும் சுலபமாக இல்லை.

இவனோ தன் பஸ்ஸிலேயே டைப்பிங் வகுப்புக்குப் போய்வந்த ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். காஜா பெராங்கில் எங்கள் குடியிருப்புக்கு அடுத்த கம்பம், மலாக்கா செட்டிகள் வீடு. சாமி நம் சாமி, கோயில் நம் கோயில், பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டுக்குக் காலையில் பால் ஊற்றுவதே அம்மாதான். அந்தப் பெண் அம்மாவை 'மாமி' என்று கூப்பிடும். அவர்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். பிடித்ததால்தான் இன்னும் பிடிவாதமாக மறுத்தாள்.

மலேசியா உருவாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கம்பத்திலேயே முதல் டிவி அவர் வீட்டுக்குத்தான் வந்தது. அடேயப்பா, அந்தப் பெட்டிக்கு இருந்த மரியாதை! கால் கழுவிவிட்டுத்தான் கூடத்துக்குள் போவோம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சன்னலில் தொங்குவார்கள். கைம்பெண்ணான பிறகு சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத அம்மா அங்கே மட்டும் வந்தாள். முதல் நாள் அவள் பார்த்தது பிரதமர் பேசுவதை. அடுத்தது ஏதோ ஊர் வெள்ளம். ஆகவே அந்தப் பெட்டியில் வருவதெல்லாம் எங்கோ நிஜமாக நடப்பது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

வாரத்துக்கு ஒருநாள் விளக்கு வைத்த பிறகு ஓர் இங்கிலீஷ் பேய்க்கதை வரும். வாரம் ஒரு கதை, அன்றைக்கே முடிந்துவிடும். அம்மா அதைப் பார்க்க உட்கார்ந்தது ஒரே ஒரு முறை, அதுவும் நான் வற்புறுத்தி. கதையைத் தொடங்கிவைக்கக் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்து நேரே நம் கண்ணைப் பார்த்துப் பேசினார். அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். "உக்காருங்க மாமி, அவருக்கு நாம தெரியமாட்டோம்" என்று அந்தப் பெண் மலாயில் சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பால் வியாபாரத்தால் அம்மாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷில் நடந்ததையெல்லாம் அந்தப் பெண் அம்மாவின் காதோரம் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கதை தொடங்கியது. பனி கொட்டும் ஊரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுக்காரர் ஒரு வேலைக்காரக் கிழவியை நியாயமில்லாமல் பனியில் வெளியே தள்ளுகிறார். அவள் விறைத்துச் சாகும் முன் சாபம் விடுகிறாள். அந்த வீட்டில் மூத்த மகன் எவனும் வாழக்கூடாது! ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் மாடிப்படியில் ஈரக் காலடி தெரியும். நடக்கிற ஆளைக் காணோம், காலடி மட்டும் ஒவ்வொரு படியாக மேலே ஏறும். கடைசி வாரிசுக்குக் கல்யாணம். வெள்ளை உடுப்பில் மணப்பெண் கீழே நிற்கிறாள். அவன் மாடிப்படியில் சிரித்துக்கொண்டு இறங்குகிறான். அவனுக்கு எதிரே காலடி ஏறிவருகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. சாபத்தை நம்பாதவள் நான்!

அவன் உருண்டு விழுந்து கண்ணைத் திறந்தபடி கிடந்தான். "சுடா மாத்தி, மாமி" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. செத்துப்போய்விட்டான் என்று.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுக் கதை அந்த வெள்ளைக்காரனுக்கு எப்படிடி தெரிஞ்சது?" என்று என்னிடம் கேட்டாள். அந்தப் பிரமிப்பு அவள் முகத்தைவிட்டுப் போகவேயில்லை. பிறகு எழுந்து, அத்தனை பேர் நடுவில் பெண்ணின் தாயாரிடம் மலாயில் சொன்னாள். "உங்க மக நல்லா இருக்கணும். என் மகன் வேணாம்." பதிலுக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. அண்ணன் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். நான் பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்துக் கோபத்தைக் காட்டினேன். அம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. அதே கிழமை வந்ததும் அவளாகவே கால் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"அந்தப் பொண்ணு கதி என்னாச்சுன்னு பாக்க வேணாமா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான், மாடிப்படிக்குக் கீழே நின்னாளே, வெள்ளை உடுப்புல. அவ."

"அம்மா, அந்தக் கதை முடிஞ்சிருச்சு. இன்னைக்கு வேற கதை."

அம்மா என்னை முறைத்தாள். "தாலி ஏறுற நேரத்துல புருஷனைப் பறிகுடுத்தவளை அப்படியே விட்டுட்டு வேற கதைக்குப் போவானா? அந்தக் கோட்டுக்காரன் என்ன மனுஷனா, மாடா?"

நான் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டில் எங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. இருந்தும் அந்தப் பெண் பழையபடி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் பேசிவிட்டுப் போனார். ஒரு ஆஸ்பத்திரி. கதவைத் திறந்துகொண்டு ஒரு டாக்டர் வந்தார்.

போன வாரம் செத்தவன்! அதே மூக்கு, அதே சிரிப்பு, கழுத்தில் குழாய் தொங்க விறுவிறுவென்று நடந்து வருகிறான்.

"ஹிடுப்!" என்று சன்னலில் தொங்கிய யாரோ கத்தினார்கள். உயிரோடிருக்கிறான்! கூடமே கொல்லென்று சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவித்து எழுந்து நின்றாள். கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள்.

வீடு திரும்பும் வழியில் நான் பாடம் நடத்தினேன். "அவன் நடிகன்ம்மா. போன வாரம் செத்த மாதிரி நடிச்சான். இந்த வாரம் டாக்டரா நடிக்கிறான்." என் புத்திசாலித்தனம் எனக்கே இனித்தது.

"நடிச்சானோ கிடிச்சானோ" என்றாள் அம்மா. "போன வாரம் அவன் செத்துட்டான்னு நாம நம்புனோமா இல்லையா?"

"நம்புனோம்."

"சாபம் சொல்லுச்சு, நாம நம்பிட்டோம். இப்ப வந்து நிக்கிறானா இல்லையா?"

அவள் நேரே மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் பால் கறக்கும்போது கன்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மடியிலிருந்து கையெடுக்காமல் அம்மா சொன்னாள். "அண்ணன்கிட்ட சொல்லு. அந்த வீட்டுல போய் நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். தை மாசத்துல வெச்சுக்கலாம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்போ சாபம் பொய்தானே? நான் எத்தனை தடவை சொன்னேன்!" என்று குதித்தேன்.

"பொய்யாத்தான் இருக்கணும்" என்றாள். "பொய்யின்னா உங்கப்பா இருக்காருடி."

கன்றின் கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது.

"சாபத்தை நம்பித்தானே அவரு போயிட்டாருன்னு வளையலை உடைச்சேன்? யாரு வந்து சொன்னா? உங்க அண்ணனுக்கு அது பொய்யி, அவருக்கு மட்டும் நிஜம்னு எப்படிச் சொல்றது? நிஜம்னா எம்புள்ள போயிடுவான். பொய்யின்னா நான் மறுபடியும் காத்திருக்கணும்." பால் செம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பரவாயில்ல. காத்திருக்கேன்."

சாபத்தை விட்டுவிடுவது லேசான காரியம், மூட்டையை இறக்கி வைப்பதுதானே என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாபம் அவளுக்கு ஒரு முடிவைக் கொடுத்திருந்தது என்பது என் படிப்புக்கு எட்டவேயில்லை. அந்த முடிவை மகனுக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னின்ன வீட்டுக்கு இத்தனை பால் என்று முணுமுணுத்தபடி அவள் நடந்து போனாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாகக்கூட இருந்தது, அவ்வளவு பெரியவளாகத் தெரிந்தாள்.

கல்யாணத்தன்று அம்மா நெற்றியில் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல். அட்சதை போட முன்னால் வந்து நின்றாள். தோட்டத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரி ஒருத்தி, "ஏம்மா, தாலி அறுத்தவ மணவறைக்கு முன்னால வந்து நிக்கிறியே, அடுக்குமா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

"அவரு செத்ததை நீ பார்த்தியா?" என்றாள் அம்மா. "பார்த்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. இப்பவே அழிச்சிடுறேன்."

உறவுக்காரி பின்னால் நகர்ந்துகொண்டாள். மேளம் கொட்டியது. அண்ணன் தாலி கட்டினான்.

அண்ணனுக்கு முப்பது முடிந்த அன்று பஸ் ஷெட்டிலிருந்து அவன் வருகிறவரை அம்மாவும் அண்ணியும் கைகோத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். வந்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ வருடங்கள் வந்துகொண்டேதான் இருந்தான். இப்போது காது மந்தம், முழங்கால் வலி, பேரப்பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. அம்மாவோ அன்றிலிருந்து தினமும் பொட்டு வைத்துக்கொண்டாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் முதலில் எழுந்திருப்பது அவளாகத்தான் இருக்கும். மழை நாளில்கூட வாசல் விளக்கை அணைக்க விடமாட்டாள்.

அவள் போன அன்று குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, உறவுக்காரி ஒருத்தி விபூதித் தட்டோடு வந்தாள். கைம்பெண்ணுக்குச் செய்கிற முறை. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி குங்குமச் சிமிழோடு முன்னால் வந்தாள். அம்மா நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். பிறகு எழுந்து, இத்தனை வருடத்தில் எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மாமிக்கு மாமா இருக்காங்க."

வந்தவள் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.