மச்சானின் குதிகால்

என் அக்கா புருஷனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்கள் சோற்றையே தின்று, சாயங்காலம் பின்பக்கத்து மண் திடலில் பேட்மிண்டன் ஆடி என்னைத் தோற்கடிப்பார். சாப்பிடும்போது அதை அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சிரிப்பார். அதுதான் தாங்க முடியவில்லை.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் கொண்டாட்டத்துக்காகப் பட்டணத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். எங்கள் காஜா பெராங் பகுதியிலிருந்து ஒருவர்தான் போகலாம். யாரென்று முடிவு செய்ய எங்கள் இருவரையும் மோதவிட்டார்கள். நான் போகவேண்டும் என்பதைவிட, அந்த ஆள் போகக்கூடாது என்பதே எனக்கு முக்கியம்.

மற்றவர்கள் எதிராளியின் கண், தோள், மணிக்கட்டு என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பார்த்து முடிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும். நான் மூன்று மாதமாக மச்சானின் வலது குதிகாலை மட்டும் பார்த்தேன். வெறுங்காலில்தான் ஆடுவோம். குதிகால் மண்ணைவிட்டு எழும்பினால் பந்து பின்கோட்டுக்கு வரும். அழுந்தியிருந்தால் வலையோரம் விழும். அவர் மட்டையை ஓங்குமுன்பே நான் அங்கே போய் நிற்பேன். கடைசி இரண்டு வாரம் ஒரு ஆட்டத்தையும் அவர் ஜெயிக்கவில்லை. சாப்பிடும்போது வாயே திறக்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

மோதலன்று, காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டால்தான் களத்தில் இறங்கலாம் என்றுவிட்டார்கள். மச்சான் யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். அது அவருக்குச் சின்னது. முதல் பந்துக்கே குதிகால் எழும்பியது. பின்னால் ஓடினேன். பந்து வலையோரம் விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி ஓடினேன், மறுபடி முன்னால் விழுந்தது. மூன்று மாதம் பழக்கிய கால்கள் நில் என்றாலும் நிற்கவில்லை. தோற்றேன்.

மச்சான் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஊன்ற முடியாமல்தான் ஆட்டம் முழுக்கத் தூக்கியே வைத்திருந்திருக்கிறார். தந்திரம்கூட இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நொண்டிக்கிட்டு முன்னாலதானே போட்டேன். நீ ஏண்டா பின்னாலயே ஓடுனே?” என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“சும்மா இருங்க மச்சான்” என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அன்று சாப்பிடும்போது அவர் அப்பாவிடம், “இந்தக் கால் ஆறாது மாமா. என் இடத்துல இவனே போவட்டும்லா” என்றார்.

அந்த ஆள் போகவில்லை. நான் கேட்டதும் அதுதானே. போனேன், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினேன். அப்பா சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.